வள்ளலும் வேண்டாம், இரவலரும் வேண்டாம்

இலக்கியம் பேசுமிடத்தில் இ.எஸ்.ஐ. எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். வலியைப் பற்றி எழுதினால் அது கவிதை, படிவத்தைப் பற்றி எழுதினால் அது தொழிற்சங்கத் துண்டறிக்கை என்றொரு பாகுபாடு நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. விரல் நசுங்கியவனின் வேதனையை வருணிக்க நம் சிறுகதையாளர்கள் என்றும் சளைத்ததில்லை. அவன் வேலைக்குப் போகமுடியாத அறுபது நாட்களில் அந்த வீட்டிற்கு எந்தப் பணம், எந்தக் கணக்கிலிருந்து, யாருடைய கையொப்பத்தோடு வந்திருக்க வேண்டும், அது ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டால் கதையின் 'தொனி' கெட்டுவிடுமாம்.

இத்தனைக்கும் நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நெசவாளர் வாழ்வைப் பொருளாதாரத்தோடு சேர்த்தே பார்த்தது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று பார்த்துக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிகளுக்குள் நம்மை இறக்கிவிட்டது. இந்த வரிசைக்குப் பின்வந்த நாம், அலுவலகச் சன்னலுக்கு முன்னால் வரிசை ஒன்று நீண்டால் 'காஃப்காத்தனம்' என்று ஒரு சொல்லை வீசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்தச் சொல்லை வீசுபவர்கள் காஃப்கா எந்த மேசையில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1908 முதல் 1922 வரை அவர் பிராகு நகரில், பொஹீமியத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்தார். எந்தத் தொழிற்சாலை எவ்வளவு ஆபத்தானது என்று வகைப்படுத்துவதும், அதற்கேற்பக் காப்பீட்டுக் கட்டணம் வசூலிக்க முதலாளிகளோடு மல்லுக்கட்டுவதும் அவர் வேலையின் பகுதிகள். மரம் இழைக்கும் இயந்திரங்களில் சதுரத் தண்டுக்குப் பதில் உருளைத் தண்டு பொருத்தினால் விரல்கள் தப்பும் என்று படங்களோடு அறிக்கை எழுதியவர் அவர். இழப்பீடு கேட்டு வரும் தொழிலாளர்கள் சினந்து எழாமல் பணிந்து கெஞ்சி நிற்பதைக் கண்டு அவர் வியந்ததாக மாக்ஸ் பிராட் பதிவு செய்திருக்கிறார். பின்னர் 1917இல் காசநோய் கண்டறியப்பட்டபோது அவரே அதே நிறுவனத்திடம் திரும்பத் திரும்ப நோய் விடுப்புக் கோர வேண்டியவரானார். 1922இல் ஓய்வூதியத்துடன் விலகினார். சன்னலின் இருபுறமும் நின்ற மனிதர் அவர். அவருடைய பெயரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை.

நம்மூர் நிலவரத்திற்கு வருவோம். தொழிலாளர்க்கான உடல்நலக் காப்பீட்டுத் திட்டத்தை வகுத்து பி. பி. அதார்க்கர் அறிக்கை அளித்தது 1944இல். சட்டம் 1948இல் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தின் இடத்திற்கு வந்திருக்கிறது; பயன்களின் கட்டமைப்பு பெரிதும் பழையதுதான். நோயுற்று வேலைக்குப் போக முடியாதவருக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. குறிப்பிட்ட நெடுநாள் நோய்களுக்கு 80 விழுக்காடு. வேலையின்போது ஏற்பட்ட காயத்தால் தற்காலிகமாக முடங்கியவருக்கு 90 விழுக்காடு, முடக்கம் நீடிக்கும் வரை. இந்த மூன்றாவதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே விபத்து நேர்ந்தாலும் உண்டு. 2010இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்புடையதென்று நிறுவப்பட்டால், இதில் அடங்கும்.

இந்தப் பணத்திற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? 'உதவித்தொகை'. நோய்க்கால உதவித்தொகை, ஊன உதவித்தொகை என்றே பலரும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். யார் யாருக்குச் செய்யும் உதவி? மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019 சூலை முதல் நடப்பிலுள்ள விகிதப்படி அவர் ஊதியத்திலிருந்து 0.75 விழுக்காடு, அதாவது 112 ரூபாய் 50 காசு பிடிக்கப்படும். முதலாளி தன் பங்காக 3.25 விழுக்காடு, 487 ரூபாய் 50 காசு செலுத்த வேண்டும். ஆக மாதம் 600 ரூபாய் அவர் பெயரில் போகிறது. முதலாளியின் பங்கும் அவர் உழைப்பின் விலையில் ஒரு பகுதியே என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் மறுக்க மாட்டார்கள். வாகனக் காப்பீட்டுப் பணத்தை எவரும் 'வாகன உதவித்தொகை' என்று சொல்வதில்லை. கார் வைத்திருப்பவர் வாங்கினால் இழப்பீடு. கை நசுங்கியவர் வாங்கினால் உதவி.

'விண்ணப்பம்' என்ற சொல்லையும் விட்டுவிட மனமில்லை. பிராகிருத வழியாக நம்மிடம் வந்த சொல் இது. பல்லவர் செப்பேடுகளில், கொடை வேண்டி அரசனிடம் எடுத்துரைத்தவனின் பெயர் இச்சொல்லோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கும். கீழிருந்து மேல்நோக்கிப் போகும் சொல் அது. அரசனிடத்தும் ஆண்டவனிடத்தும் செய்வது. காப்பீட்டுப் பணத்தைப் பெற நிரப்பும் ஒன்பதாம் எண் படிவத்திற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் உரிமைக் கேட்பு என்ற பொருள் தருவது. தமிழுக்கு வரும்போது அது விண்ணப்பமாகி, கேட்பவர் விண்ணப்பதாரராகிக் கைகட்டி நிற்கத் தொடங்குகிறார். சொல்லை மாற்றிவிட்டால் வரிசை குறைந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. ஆனால் தமிழ் படித்து, தமிழால் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றோருக்கு இதில்கூடப் பொறுப்பில்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

நம்முடைய பாடத்திட்டத்தையே பாருங்கள். ஆண்டுதோறும் ஆற்றுப்படை நடத்துகிறோம். பரிசில் பெற்று மீள்பவன் பெறாதவனைக் கண்டு, இன்ன வழியே போ, இன்னாரைக் காண், இன்னவாறு நிற்பாய், இன்னது பெறுவாய் என்று சொல்லும் இலக்கிய வகை உலக மொழிகளில் எத்தனையில் இருக்கிறது என்று வகுப்பில் பெருமை பேசுகிறோம். அதே வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனின் தாய் ஏதோவொரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருப்பார். ஊசி விரலில் ஏறிச் சீழ்பிடித்துப் பதினைந்து நாள் வீட்டிலிருந்தால் எங்கே போய் எதைக் கேட்க வேண்டும் என்று அந்த மாணவனுக்கு வழிகாட்ட நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆற்றுப்படையில் ஒரு நஞ்சும் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அங்கே கொடுப்பவன் வள்ளல், பெறுபவன் இரவலன். கொடுப்பது அவன் புகழுக்கு. பெறுவது இவன் பாட்டுக்கு. ஈராயிரம் ஆண்டுப் பழக்கத்தில் நாம் அரசையும் வள்ளலாகவே பார்க்கக் கற்றுக்கொண்டோம். சொந்தப் பணத்தைத் திரும்பப் பெறும்போதுகூட 'அய்யா பாத்து செய்யணும்' என்று நம் வாய் தானாகச் சொல்கிறது. புறநானூற்றில் 'பரிசில் கடாநிலை' என்றொரு துறையே உண்டு. பரிசில் தாழ்த்தவனை வற்புறுத்திக் கேட்பது. புலவன் கடாவினால் அது துறை. தொழிலாளி கடாவினால் அலுவலகத்தில் ஒழுங்கீனம்.

தன்னை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த கதையை நாம் பெருமிதத்தோடு நடத்துவோம். முகம் பார்த்து, தகுதி அறிந்து கொடுக்க வேண்டும் என்பது புலவனின் மானம். காப்பீட்டில் மானத்தின் இடம் நேர் எதிரானது. முகம் பார்க்காமல், நடத்தை அளக்காமல், நின்று காத்திருக்க வைக்காமல், உரிய நாளில் வங்கிக் கணக்கில் வந்து விழுவதே அங்கே மரியாதை. இந்த வேறுபாட்டை நம் சமூகம் இன்னும் செரித்துக்கொள்ளவில்லை. படிவம் இணையத்திற்கு வந்துவிட்டது. பணமும் வங்கிக்கே போகிறது. ஆனால் 'நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்' என்ற வாசகம் மட்டும் சாகாவரம் பெற்றிருக்கிறது.

இனி, நடைமுறையில் எங்கே அறுபடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேலையிடத்தில் கை போனால், ஆலையின் விபத்துப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். முதலாளி கிளை அலுவலகத்திற்கும் மருந்தகத்திற்கும் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். மருத்துவர் இயலாமைச் சான்று தர வேண்டும். இவற்றோடு தொழிலாளி தன் கேட்பைக் கொடுக்க வேண்டும். இவற்றுள் முதல் இரண்டும் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். விபத்து நடந்தது வெளியே தெரிந்தால் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார். வெளிநாட்டு ஆர்டர் கொடுப்பவரின் தணிக்கையில் கேள்வி எழும். சில இடங்களில் அந்தத் தொழிலாளியின் பெயர் பதிவேட்டிலேயே இல்லை என்பது அம்பலமாகும். எனவே ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது: 'வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு, செலவ நாங்க பாத்துக்கறோம்.'

அந்த ஒரு வாக்கியத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 500 ரூபாய் ஊதியம், அறுபது நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். வேலையிடக் காயம் என்றால் 90 விழுக்காடு: 27,000 ரூபாய். வீட்டில் விழுந்தது என்றால் அது வெறும் நோய்க் கணக்கில் போகும். 70 விழுக்காடு, அதிலும் முதல் இரண்டு நாட்கள் பொதுவாகக் காத்திருப்புக் காலம், பணமில்லை. மீதி 58 நாளுக்கு 20,300 ரூபாய். இதுவும், உரிய ஆறுமாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குக் குறையாமல் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் மட்டுமே. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்றுமில்லை. 6,700 ரூபாய் இழப்பு என்று யாரும் இதைச் சிறிதாக எண்ண வேண்டாம். பின்னாளில் விரல் மடங்கவில்லை, பிடி இறுகவில்லை என்று தெரியவந்தால், மருத்துவக் குழு கணிக்கும் உழைப்புத்திறன் இழப்பிற்கு ஏற்ப வாழ்நாள் முழுதும் கிடைத்திருக்க வேண்டிய தொகையும் அந்த வாக்கியத்தோடு போய்விடுகிறது. முதலாளி 'பாத்துக்கறோம்' என்பது பெரும்பாலும் முதல் மருத்துவமனைச் சீட்டோடு முடிந்துவிடும்.

சான்று வாங்குவது இன்னொரு கதை. இயலாமை தொடர்கிறது என்று இடைச் சான்று வாங்க, பொதுவாக வாரந்தோறும் மருந்தகத்திற்குப் போக வேண்டும். நான்கு வாரம் வரை சேர்த்துத் தரும் சிறப்புச் சான்றுக்கு விதியில் இடமுண்டு. அதைக் கேட்க வேண்டும் என்று தொழிலாளிக்குத் தெரிய வேண்டுமே. கால் முறிந்தவர் தம்மால் நடக்க முடியவில்லை என்று நிறுவ இரண்டு பேருந்து மாறி வர வேண்டியிருக்கிறது. இந்தப் பயனைப் பெறுபவர் சிகிச்சையில் இருக்கும் வட்டாரத்தைவிட்டு அனுமதியின்றி வெளியே போகக்கூடாது என்பதும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இட்ட நிபந்தனைகளுள் ஒன்று. ஊருக்குப் போய்த் தாய்வீட்டில் படுத்திருந்தால் குற்றம். பாண்டியநாட்டுச் சிற்றூர்களிலிருந்து கொங்கு நாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் இந்த நிபந்தனையை எப்படிக் காப்பாற்றுவார்கள், ஒற்றை அறையில் யார் அவர்களுக்குக் கஞ்சி வைப்பார்கள் என்று எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

'எல்லாம் சரி, பொய்ச் சான்று வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இல்லையா?' என்ற கேள்வி எப்போதும் வரும். இருக்கிறார்கள். பொய்ச் சான்று விற்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அதற்குத் தண்டனையும் இருக்கிறது. பொய்யான தகவல் தந்து பயன் பெறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை என்று பழைய சட்டம் சொன்னது. அதே சட்டம், தொழிலாளியின் ஊதியத்தில் பிடித்த சந்தாவைக் கட்டாத முதலாளிக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும் சொன்னது. சட்டம் எதைப் பெருங்குற்றமாகக் கருதியது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் தேநீர்க்கடையிலும் திண்ணையிலும் நாம் கேட்பதெல்லாம் முதல்வகை ஏமாற்றின் கதைகளே. வேலைக்குப் போகாமல் காசு வாங்கியவனின் கதை சுவையாக இருக்கிறது. பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டவரின் பெயர் கோயில் திருப்பணிக் கல்வெட்டில் இருக்கிறது.

இவ்வளவும் திட்டத்திற்குள் இருப்பவர்களின் பாடு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு தறிக்கூடங்கள் பொதுவாக இதற்கு வெளியே. ஊதிய வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக்கப்பட்டது. அதைத் தாண்டியவர்களும் வெளியே. இவர்களுக்கு வேலையிடக் காயம் என்றால் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு ஒன்று உண்டு. மாத ஊதியத்தில் கால் பங்கை அரைமாதத்திற்கு ஒருமுறை முதலாளியே தர வேண்டும். அதாவது பாதிச் சம்பளம். முதல் தவணை பதினாறாம் நாள். எந்த முதலாளி தாமாகக் கொடுத்தார் என்று யாராவது சொன்னால் அவரைப் பற்றி ஓர் ஆற்றுப்படையே பாடலாம். வெறும் நோய் என்றால் அவர்களுக்கு அதுவும் இல்லை. டெங்கு வந்து இருபது நாள் படுத்தால் அது அவரவர் தலைவிதி.

கடைசியாக, நம்முடைய வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2010இல் இத்திட்டம் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடின. 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அரசாணை செல்லும் என்றது. சுயநிதிக் கல்லூரிகளில் முதுகலையும் ஆய்வுப் பட்டமும் முடித்து, வரம்புக்குள்ளான சம்பளத்தில் பாடம் நடத்தும் தமிழாசிரியர்கள் ஏராளம். இவர்களில் பலருக்குத் தம் சம்பளத்தில் இப்பிடித்தம் நடக்கிறது என்பதே தெரியாது. தெரிந்தவர்களில் சிலருக்கு வேறொரு தயக்கம். மருந்தக வரிசையில் சாயப்பட்டறைக்காரருக்குப் பின்னால் நிற்பதா? முனைவர் பட்டம் வாங்கியது இதற்குத்தானா? சிலம்பையும் மேகலையையும் கரைத்துக் குடித்தவர்களிடம் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். சாதிக்கும் தொழிலுக்கும் போட்ட முடிச்சு அவிழாத மண்ணில், உடலுழைப்பாளியோடு ஒரே வரிசையில் நிற்பது இழிவு என்ற எண்ணம் பட்டம் வாங்கியதும் உதிர்ந்துவிடுவதில்லை.

நமக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் பருவத்தேர்வுப் பணியின்போது கல்லூரிப் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தார். ஏழு வாரம் கட்டு. நிர்வாகம் ஊதியமில்லா விடுப்பு என்று எழுதிக்கொண்டது. துறை நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓர் உறையில் வைத்துக் கொடுத்தார்கள். அவர் கண்கலங்கி வாங்கிக்கொண்டார். உறை கொடுத்தவர்களின் அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்து வேறொரு காரணத்திற்காகப் பார்த்தபோது, மாதந்தோறும் 0.75 விழுக்காடு ஒழுங்காகப் பிடிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பயன் கேட்கப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு என்பதால் கேட்கச் சொன்னோம். அவர் முதலில் மறுத்தார். நிர்வாகம் என்ன நினைக்கும், அடுத்த ஆண்டு பணி நீட்டிப்புத் தருவார்களா என்ற அச்சம். இயலாமைக் காலத்தில் பயன் பெறும் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று பழைய சட்டம் தடை விதித்திருந்தது என்றோம். அந்தத் தடை, காலம் முடிந்தபின் புதுப்பிக்கப்படாத ஓராண்டு ஒப்பந்தத்தைக் காக்குமா என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி.

இறுதியில் கேட்டிருக்கிறார். வீட்டில் விழுந்ததாக எழுதிக்கொடுத்தால் வேலை சுலபமாக முடியும் என்று கல்லூரி அலுவலகத்தில் அறிவுரை சொன்னார்களாம், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது, விபத்து நடந்த படிக்கட்டு எந்தக் கட்டடத்தைச் சேர்ந்தது, அந்நேரத்தில் அவர் அங்கே எப்பணியில் இருந்தார், அன்றே ஏன் பதிவேட்டில் ஏற்றவில்லை என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதிவேடு நிர்வாகத்திடம் இருக்கிறது. தேர்வுப் பணி ஆணையின் நகலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.